சட்டிக்குப் பின்னால்தான் கிதார்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு என்றதும் பேச்சு அதைத் தொடங்கிய திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித், அம்பேத்கர், இடஒதுக்கீடு என்று போய்விடும். கொண்டாடுகிறவர்களும் திட்டுகிறவர்களும் பாட்டைக் காதில் வாங்குவதே இல்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேராக முதல் மேடை ஏறிய இந்தக் குழுவைத் தூக்கி நிறுத்தியதில் கொள்கைக்கு இருக்கும் பங்கு கானாவின் தாளத்துக்கும் உண்டு. தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் சாவு வீட்டு வாசலில் விடிய விடியப் பாடும் கானாவில் நடையை முடிவு செய்பவர் பாடகர். தாளமில்லாமல் இழுத்துப் பாடுவார். அவர் மூச்சு விடுகிற இடத்தில்தான் டோலக் விழும். அந்த உரிமையில் குழுவின் இசையமைப்பாளர் தென்மா கை வைக்கவில்லை. சட்டி, கட்டமோளம், பறை என்ற தாளக் கருவிகள் முன்னால் போக, ராக் கிதாரும் டிரம்ஸும் பின்னால் வருகின்றன. உள்ளூர்ப் பையன்களை முன்களத்தில் ஓடவிட்டு, வெளியூர் நட்சத்திரத்தைத் தடுப்பாட்டத்துக்கு அனுப்பிய கால்பந்துப் பயிற்சியாளரின் துணிச்சல் இது.

கிதார் ஏறியதுமே கானா கெட்டுப்போச்சு என்கிறார்கள். அது என்றைக்குச் சுத்தபத்தமாக இருந்தது? ஓடுகிற சினிமா மெட்டைப் பிடித்து வார்த்தையை மாற்றிப் பாடுவது அதன் பழைய வழக்கம். இசையமைப்பாளர் தேவா காலத்திலேயே சினிமாவும் கானாவை எடுத்துக்கொண்டது, படத்துக்கு ஒரு பாட்டு என்ற அளவில், நாயகன் ஆடுவதற்காக. ஒரு மாலை முழுவதையும் கானாக்காரர்கள் கையில் கொடுத்தது இந்த மேடைதான்.

இன்னொரு கேள்விக்குக் கொஞ்சம் கனம் உண்டு: குழுவின் ராப் பாடகர் அறிவு தனியாகப் புகழ் பெற்ற பிறகு குழு என்று என்ன மிச்சம்? 2019-ல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் ‘தெருக்குரல்’ ஆல்பம், 2021-ல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டு என அவர் வளர்ந்தது உண்மை. குழுவின் பாடகி, ராயபுரத்து இசைவாணி 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். நாலு பேர் ராக் குழுவில் ஒருவர் விலகினால் கடை மூடும். இது ஆள் மாறினாலும் ஓடுகிற செட்டு. எத்தனை ஆல்பம் என்று எண்ணுவதைவிட, எத்தனை பேரைத் தனியாக நிற்க வைத்தது என்று பார்ப்பதே இதற்குச் சரியான கணக்கு. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் பிறகு நடத்திய ‘மார்கழியில் மக்களிசை’ விழாவும் அந்தக் கணக்கில்தான் வரும்.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சமத்துவம் பாட வந்த 19 பேரில் பெண் ஒருவர்தான், இசைவாணி. ஒப்பாரியில் பெண் குரல் நிறைந்த ஊரில் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.