மடிக்கணினியும் ஆசிரியரும்

மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த நிக்கலஸ் நெக்ரோபொன்ரி என்பார் 2005ஆம் ஆண்டில் உலகின்முன் வைத்த ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ என்னுந் திட்டம், இந்நூற்றாண்டின் கல்வி முயற்சிகளுட் பெரும்புகழும் பெரும்பழியும் ஒருங்கே எய்தியதாகும். வறிய நாடுகளின் சிறார் ஒவ்வொருவர்க்கும் நூறு டொலர் விலையில் ஒரு கணினி என்பது அதன் வாக்குறுதி. 2007இல் உற்பத்தி தொடங்கியபோது விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. அக்குறை பொறுக்கத்தக்கதே. வெயிலிலும் படிக்கத்தக்க திரையும், தூசியும் நீரும் எளிதிற் புகாத விசைப்பலகையும் உடைய அக்கருவி, பொறியியல் நோக்கிற் பாராட்டுக்குரியதுமாகும். திட்டத்தின் மெய்யான குறை, வகுப்பறையைப் பற்றி அது கொண்டிருந்த எண்ணத்திலேயே உள்ளது.

திட்டத்தார் தம் கொள்கைகளை ஐந்தாக வகுத்தனர். கருவி பிள்ளைக்கே உரிமையாதல் வேண்டும். இளம்பருவத்திலேயே வழங்கப்படுதல் வேண்டும். ஒரு பாடசாலையில் ஒருவரும் விடுபடாது யாவர்க்கும் கிடைத்தல் வேண்டும். கருவிகள் ஒன்றோடொன்றும் இணையத்தோடும் தொடர்புறுதல் வேண்டும். மென்பொருள் எவரும் திறந்து நோக்கவும் மாற்றவும் தக்கதாதல் வேண்டும் என்பன அவை. ஐந்தும் தம்மளவிற் குற்றமற்றவை. ஆயின், ஐந்தனுள் ஒன்றேனும் ஆசிரியரைச் சுட்டவில்லை. நன்னூலாரும் தம் பொதுப்பாயிரத்தை ஐந்தாகவே வகுத்தார்: நூல், அதனைக் கற்பிப்போன், கற்பிக்குந் திறன், கற்போன், கற்கும் முறை. ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் அவர் தனியே ஓர் இடம் ஒதுக்கவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆசிரியர் விடுபட்டமை மறதியால் நேர்ந்ததன்று, கொள்கையால் நேர்ந்தது. திட்டத்துக்கு அறிவுத்துணையாய் நின்ற சீமோர் பப்பேட், ஜெனீவாவிற் பியாஜேயுடன் பணிபுரிந்தவர். 1967இல் ‘லோகோ’ என்னும் கணினிமொழி உருவாகக் காரணராயிருந்தோருள் ஒருவர். பிள்ளை தன் கையால் ஒன்றை ஆக்கும்போதே அறிவும் உள்ளே ஆக்கம் பெறுகின்றது என்பது அவர் கருத்து. அக்கருத்திற் பேருண்மை உண்டு. அதிலிருந்து, கருவி கிடைத்தாற் போதும், கற்றல் தானே நிகழும் என்று முடிவு கட்டியதே வழு.

அவ்வழுவை உணர்த்தும் சான்று பப்பேட்டின் குழுவினரிடமிருந்தே கிடைக்கின்றது. பொஸ்ரன் நகரின் ஹெனிகன் பாடசாலையில் 1985இல் அவர்கள் தொடங்கிய பணியின் ஒரு பகுதியாக, நான்காம் வகுப்புச் சிறார் பதினெழுவர், தம்மினும் இளையோர்க்குப் பின்னங்களைக் கற்பிக்கும் பாடங்களைக் கணினியில் ஆக்கினர். ஐடிற் ஹரேல் என்னும் ஆய்வாளர் அதனை வழிநடத்தினார். நாடோறும் கணினியிடம் செல்லுமுன் பிள்ளை தன் திட்டத்தைக் குறிப்பேட்டில் எழுதும். வேலை முடிந்தபின் நேர்ந்த இடர்களை எழுதும். வகுப்பாசிரியரும் ஆய்வாளரும் உடனிருந்து வினவினர், விளக்கினர், உரையாடினர். அச்சிறார் பின்னங்களில் ஏனை வகுப்பினரினும் மேம்பட்டனர். அவ்வறையில் ஆசிரியர் இல்லாமலில்லை. வேறெங்கும் இருப்பதினும் மிகுதியாகவே இருந்தனர். அவருட் சிலர்க்கு ஆய்வாளர் என்று பெயர் இருந்தமையால், பின்வந்தோர் அவர்களைக் கணக்கிற் சேர்க்கவில்லை போலும்!

ஹெனிகனில் நிகழ்ந்ததன் மறுபுறத்தைப் பெரு நாட்டிற் காணலாம். அந்நாட்டரசு எட்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளை வழங்கியது. 319 கிராம ஆரம்ப பாடசாலைகளைக் கொண்டு செய்யப்பெற்று, 2012இல் அமெரிக்க நாடுகளின் அபிவிருத்தி வங்கி வெளியிட்ட ஆய்வு, கருவி பெற்ற பாடசாலைகளுக்கும் பெறாதவற்றுக்கும் இடையே கணிதத்திலோ மொழியிலோ வேறுபாடு காணவில்லை. வடிவங்களைக் கொண்டு சிந்தனைத் திறனை அளக்கும் சோதனை முதலியவற்றிற் சிறிது முன்னேற்றம் தோன்றியது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் ஒரு செய்தி உள்ளத்தைத் தைக்கின்றது. அக்கணினிகளில் ஏறத்தாழ இருநூறு நூல்கள் பதிந்து தரப்பட்டிருந்தன. நூல்நிலையமே காணாத மலையூர்ப் பிள்ளையின் மடியில் ஒரு நூல்நிலையம் இருந்தது. ஆயினும் பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கம் மாறவில்லை. இன்ன நூலைத் திறந்து பார், நாளை அதுபற்றி எனக்குச் சொல் என்று கேட்க ஒருவர் வேண்டும். இருநூறு நூலும் ஒருங்கே கையிலிருப்பினும், அக்கேள்வி இல்லாதவிடத்து அவை அடுக்கிய ஓலைகளே.

இதனைக் கண்டு ஆசிரியர்மேற் பழி சுமத்தினோர் உளர். அது நீதியன்று. அவர்களுக்கு வகுக்கப்பெற்ற பயிற்சி ஏறத்தாழ 40 மணிநேரமே. ஒரு கருவியை இயக்கப் பழகுதற்கு அது போதலாம். அதனைப் பாடத்தோடு பொருத்துதற்குப் போதாது. பெருவின் கிராமப் பாடசாலைகள் பலவற்றில் ஓராசிரியரே பல வகுப்புகளை ஓரறையில் வைத்துக் கற்பிப்பவர். கணினி உண்மையில் உதவக்கூடிய இடம் அதுவே. முதலாம் வகுப்பார்க்கு எழுத்துக் கூட்டப் பழக்கும் நேரத்தில், ஐந்தாம் வகுப்பார் கணினியில் தாமே ஒரு கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அக்கணக்கு முன்னரே தெரிந்தெடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். கணினியை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது துணியப்பட்டிருத்தல் வேண்டும். விடை கண்ட பிள்ளை அதனை எவ்வாறு கண்டது என வாய்திறந்து சொல்லுதற்கு நேரம் ஒதுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வேலை கருவியால் குறைவதன்று; கூடுவது. கூடிய வேலைக்கு உரிய துணை அளிக்கப்படவில்லை. 531 பாடசாலைகளைப் பத்தாண்டுக்காலம் தொடர்ந்து நோக்கிய பின்னைய ஆய்வும், மாணாக்கரின் கணினித் திறன் வளர்ந்தமையையும், பாடத்தேர்ச்சி வளராமையையும், ஆசிரியர் வகுப்பில் அக்கருவியை அரிதாகவே கையாண்டமையையும் காட்டுகின்றது.

உருகுவே நாடும் இதே கருவியோடுதான் தொடங்கியது. ‘செய்பல்’ திட்டம் 2007இல் ஆரம்பமாகி, 2009க்குள் அரசாங்க ஆரம்ப பாடசாலைப் பிள்ளைகள் யாவரையும் எட்டிற்று. தொடக்ககால ஆய்வுகள் அங்கும் கணித வாசிப்புத் தேர்ச்சியில் உயர்வைக் காணவில்லை. ஆயின் அந்நாட்டார் கருவியை வழங்கியதோடு நின்றுவிடவில்லை. ஆங்கில ஆசிரியர் போதாமை கண்டு, 2012இல் ஒரு புதுமுறையைத் தொடங்கினர். வாரத்தில் ஒரு பாடவேளை, தொலைவிலுள்ள ஆங்கில ஆசிரியர் ஒருவர் திரையிற் தோன்றிப் பாடத்தைத் தொடங்குவார். எஞ்சிய பாடவேளைகளில் வகுப்பாசிரியர் அதனைத் தொடர்ந்து பயிற்றுவார். இருவரும் பாடம்பற்றித் தம்முட் கலந்து பேசிக்கொள்வர். வகுப்பாசிரியருட் பலர் ஆங்கிலம் அறியாதவர். மாணாக்கருடன் தாமும் அம்மொழியைக் கற்றுக்கொண்டே, எப்பிள்ளை பின்தங்குகின்றது, எது கூச்சத்தால் வாய்திறவாதிருக்கின்றது என்பவற்றைத் திரையிலுள்ளவர்க்கு எடுத்துரைப்பவர் அவரே.