அமைதியின் பொருளாதார விளைவுகள்: நூல் மதிப்பீடு

அமைதியின் பொருளாதார விளைவுகள் என்பது ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கீன்ஸ் எழுதி 1919 டிசம்பரில் வெளியான நூலாகும். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடம் வெற்றி பெற்ற நாடுகள் கேட்ட இழப்பீட்டை நடைமுறையில் வசூலிக்க முடியாது என்பது இதன் மையக் கருத்து. கேட்பது நியாயமா என்று மட்டும் பாராமல், கேட்ட தொகை எந்த வழியில் வந்து சேரும் என்றும் இந்நூல் கணக்குப் பார்க்கிறது. நூலின் வலிமை இந்தக் கேள்வியில் இருக்கிறது. அதைப் பொருளியலோடு நிறுத்திக்கொண்டது அதன் குறை.

பின்னணி

கீன்ஸ் இளமையில் லண்டனில் இந்திய அலுவலகத்தில் பணியாற்றியவர். அவருடைய முதல் நூல் இந்திய நாணய முறையைப் பற்றியது (1913). 1919இல் பாரிஸ் அமைதி மாநாட்டில் பிரிட்டிஷ் கருவூலத்தின் பிரதிநிதியாக இருந்தார். இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் குறைக்க அவர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஜூன் மாதம் பதவி விலகினார். அதே மாதம் 28ஆம் நாள் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. சில மாதங்களில் நூலை எழுதி முடித்தார்.

நூலின் அமைப்பு

நூலில் ஏழு அத்தியாயங்கள் உள்ளன. போருக்கு முந்தைய ஐரோப்பா, மாநாடு, உடன்படிக்கை, இழப்பீடு, பின்விளைவுகள், தீர்வுகள் என்று வரிசையாகச் செல்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் மாநாட்டைப் பற்றிய அத்தியாயத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன், பிரெஞ்சுப் பிரதமர் கிளமென்சோ, பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் ஆகியோரின் சொற்சித்திரங்கள் அதில் உள்ளன. படிக்கச் சுவையான பகுதி அது. ஆனால் நூலின் சாரம் இழப்பீடு பற்றிய அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

மைய வாதம்

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குப் பெருந்தொகை செலுத்துவதில் இரண்டு படிகள் உள்ளன. முதலில் அரசு தன் மக்களிடமிருந்து வரியாக அத்தொகையைத் திரட்ட வேண்டும். அப்படித் திரட்டியது உள்நாட்டு நாணயம். பெறுகிற நாட்டுக்கு அது நேரடியாகப் பயன்படாது. ஆகவே அதை வெளிநாட்டு நாணயமாக மாற்றுவது இரண்டாவது படி. ஆண்டுதோறும் இதைச் செய்ய வேண்டுமானால் இறக்குமதியைவிட ஏற்றுமதி கூடுதலாக இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்ததைக் கீன்ஸ் காட்டுகிறார். போருக்கு முன் 1913இலேயே அதன் இறக்குமதி 53.8 கோடி பவுன், ஏற்றுமதி 50.5 கோடி பவுன். உடன்படிக்கை அந்நாட்டின் பெரிய வணிகக் கப்பல்களையும், லொரைன் பகுதி இரும்புத் தாதுவையும், சார் நிலக்கரிச் சுரங்கங்களையும் எடுத்துக்கொண்டது. சம்பாதிக்கும் கருவிகளைப் பறித்துவிட்டுச் சம்பாத்தியத்தையும் கேட்பது எப்படி என்பதே அவருடைய கேள்வி. மாடு கறக்க வேண்டும், தீவனமும் போட மாட்டோம் என்ற கதைதான்.

கீன்ஸ் இழப்பீடே கூடாது என்று சொல்லவில்லை. 200 கோடி பவுன், அதாவது ஏறக்குறைய 4,000 கோடி தங்க மார்க்கு, என்ற வரம்பை முன்வைத்தார். நேச நாடுகள் தங்களுக்குள் பட்ட போர்க்கடன்களைத் தள்ளுபடி செய்யவும், ஐரோப்பாவில் தடையற்ற வணிகத்தை ஏற்படுத்தவும் கேட்டார்.

வரலாறு உறுதி செய்தவை

1921இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க்கு என்று முடிவானது. 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்றின. அவ்வாண்டில் ஜெர்மன் நாணயம் மதிப்பிழந்து சரிந்தது. 1924இல் டாஸ் திட்டம் வந்த பிறகு ஒரு விசித்திரமான சுழற்சி உருவானது. அமெரிக்கர்கள் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தனர். ஜெர்மனி பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இழப்பீடு கொடுத்தது. அவ்விரு நாடுகளும் அமெரிக்காவுக்குப் போர்க்கடனைக் கட்டின. அமெரிக்காவோ 1922இலும் 1930இலும் இறக்குமதி வரியை உயர்த்திப் பிறநாட்டுப் பொருள்களுக்குக் கதவைச் சாத்தியது. 1929க்குப் பின் புதிய கடன் வறண்டதும் சுழற்சி நின்றது. 1932இல் லொசான் மாநாட்டில் இழப்பீடு நடைமுறையில் முடிவுக்கு வந்தது. கடன்காரனின் பொருளை வாங்க மறுப்பவர் கடனைத் திரும்பப் பெற முடியாது என்ற பாடம் இதில் தெளிவாகிறது.

எதிர்வாதங்கள்

நூலுக்கு வந்த கடுமையான மறுப்பு, பிரெஞ்சுப் பொருளியலாளர் எத்தியேன் மாந்தூ எழுதியது. அவர் 1945இல் போரில் உயிரிழந்தார். நூல் 1946இல் வெளியானது. ஐரோப்பிய இரும்பு உற்பத்தி விழும் என்ற கீன்சின் எதிர்பார்ப்பு பலிக்கவில்லை என்று அவர் காட்டினார். இட்லர் ஆட்சி ஆயுதங்களுக்குச் செலவிட்ட தொகை, இழப்பீட்டுக்குக் கேட்டதைவிட மிக அதிகம். அப்படியானால் ஜெர்மனியால் முடியவில்லையா, மனம் இல்லையா என்பது மாந்தூவின் கேள்வி.

வேறு இரு உண்மைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1871இல் தோற்ற பிரான்ஸ் 500 கோடி பிராங்கு தண்டத்தொகையை 1873க்குள் கட்டி முடித்தது. மேலும், 13,200 கோடியில் 8,200 கோடி 'சி' வகைப் பத்திரங்களாக ஒதுக்கப்பட்டது. அது வசூலாகும் என்று விவரம் அறிந்தவர்கள் நம்பவில்லை. மீதி 5,000 கோடி, கீன்ஸ் சொன்ன வரம்பிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

மதிப்பீடு

மாந்தூவின் கேள்வியும் முழுமையானதல்ல. ஆயுதத்துக்கான செலவு உள்நாட்டிலேயே, உள்நாட்டு நாணயத்திலேயே நடந்தது. அது முதல் படிக்குச் சான்றாகும். இரண்டாவது படிக்கு ஆகாது. ஆனால் அவர் சுட்டிய குறை உண்மையானது. கீன்ஸ் நாடுகளின் கொடுக்கும் சக்தியை அளந்தார். மக்களின் மனநிலையை அளக்கவில்லை. பிரான்சின் வடபகுதி நிலக்கரிச் சுரங்கங்கள் போரில் பாழாகியிருந்தன. தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு ஜெர்மனியே செலவைக் கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லையின் பாதுகாப்பைப் பற்றிய பிரெஞ்சு அச்சத்தை நூல் பழிவாங்கும் வெறியாகவே காண்கிறது. அந்த அச்சமும் ஒரு நடைமுறை உண்மைதான். அதைக் கணக்கில் சேர்க்காத தீர்வை எந்தப் பிரதமரும் தன் நாட்டு மன்றத்தில் நிறைவேற்றியிருக்க முடியாது.

இரண்டு பக்கங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட முன்மாதிரி 1953இல் லண்டனில் கிடைத்தது. மேற்கு ஜெர்மனியின் வெளிநாட்டுக் கடன் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. கடன் கொடுத்த நாடுகள் அதன் ஏற்றுமதிக்குச் சந்தை திறந்திருந்தன. சோவியத் ஒன்றியத்துக்கு எதிராக வலிமையான மேற்கு ஜெர்மனி தேவை என்ற அரசியல் காரணமும் அப்போது இருந்தது. பொருளியல் கணக்கும் அரசியல் தேவையும் ஒரே பக்கம் நின்றதால் உடன்பாடு நிலைத்தது.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியபோது, ரூபாயில் வரி திரட்டுவது வேறு, டாலர் ஈட்டுவது வேறு என்பதை அந்நாட்டு மக்கள் எரிபொருள் வரிசைகளில் நின்று அறிந்தனர். கீன்சின் இரண்டாவது படி அதுவே. நூலின் எண்கள் சில பிழைத்துவிட்டன. ஆளைப் பற்றிய வருணனைகளில் மிகையும் உண்டு. ஆயினும் பன்னாட்டுக் கடன் பற்றிப் படிக்கும் மாணவர் இழப்பீடு பற்றிய அத்தியாயத்தை முதலிலும், மாந்தூவின் மறுப்பை அடுத்தும் படிப்பது நல்லது. ஒன்றில் விடுபட்டது மற்றதில் கிடைக்கும்.