போய்வரும் தாமதம்: அளவும் அதன் எல்லையும்

ஈத்தர்நெட் வலையமைப்பில், அனுப்புநர், பெறுநர் முகவரிகளோடு தரவைச் சுமந்து செல்லும் சட்டகம் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு மறுமுனையைத் தொட்டுத் திரும்பும் வரை ஆகும் நேரம் போய்வரும் தாமதம் எனப்படுகிறது. ஒருவழித் தாமதத்தை அளப்பதற்கு இரு முனைக் கடிகாரங்களும் மைக்ரோநொடி அளவில் ஒத்துப்போக வேண்டும். போய்வரும் தாமதத்துக்கோ புறப்பாட்டையும் வருகையையும் குறிக்கும் ஒரே கடிகாரம் போதும். இம்முறை எங்கும் பரவியதற்கு இந்த எளிமையே காரணம்.

அந்த எளிமையின் உச்சம், ஒரு செய்தியை அனுப்பி அதற்கு விடை வரும் நேரத்தை அளக்க 1983இல் மைக் மூஸ் எழுதிய 'பிங்' நிரல். அநேகமாக எல்லாக் கருவிகளும் அதற்கு விடை தருவது அதன் வலிமை; அந்த விடையைப் பல கருவிகள் தம் மையச் செயலியைக் கொண்டு, மற்ற வேலைகளுக்குப் பிறகே தயாரிப்பது அதன் குறை. நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் 1518 பைட் சட்டகம் வெளியேற ஏறத்தாழ 12 மைக்ரோநொடியும், 100 மீட்டர் செம்புக் கம்பியைக் கடக்க அரை மைக்ரோநொடியுமே ஆகும் நிலையில், செயலி நூற்றுக்கணக்கான மைக்ரோநொடிகள் தாமதித்தால், பிங் காட்டுவது இணைப்பின் தன்மையை அன்று, கருவியின் வேலைப்பளுவையே.

இக்குறையைக் களையும் வழியை ஐ.டி.யு. அமைப்பின் ஒய்.1731 பரிந்துரை வகுத்தது. அதன்படி, அளவீட்டுச் சட்டகம் புறப்படும்போதும், மறுமுனையை அடையும்போதும், அங்கிருந்து திரும்பும்போதும், வந்து சேரும்போதும் நான்கு நேரக்குறிகள் பதிக்கப்படுகின்றன. மொத்த நேரம் 900 மைக்ரோநொடி, மறுமுனையில் தங்கியது 300 என்றால், வழியில் கழிந்தது 600. மறுமுனைக் கடிகாரம் ஐந்து நொடி முந்தியிருந்தாலும் இவ்விடை மாறாது, ஏனெனில் தங்கிய நேரம் அதன் இரு குறிகளின் வேறுபாடு மட்டுமே. எனினும் குறிகளைப் போர்ட்டின் வன்பொருளே பதிக்க வேண்டும்; மென்பொருள் பதித்தால் பழைய பிழை மீண்டும் நுழையும்.

களைய முடியாத குறை திசை பற்றியது. மேற்சொன்ன 600 என்பது போக 100, வர 500 ஆகவும் இருக்கலாம். அதைப் பாதியாக்கி 300 என்று கொள்வது அளவீடன்று, அனுமானம். கடிகாரங்களை ஒத்திசைக்கும் ஐ.இ.இ.இ. 1588 நெறிமுறையும் இதே சமச்சீர் அனுமானத்தின் மேல் நிற்பதால், இடையிலுள்ள சுவிட்சுகள் அதற்குத் துணைநில்லாத வலையமைப்பில் இந்த 400 மைக்ரோநொடி வேறுபாடு கடிகாரத்தை 200 மைக்ரோநொடி பிசகவைக்கும். மேலும், உயர் முன்னுரிமையில் அனுப்பப்படும் அளவீட்டுச் சட்டகம், சாதாரணப் போக்குவரத்து காத்துக் கிடக்கும் வரிசையைக் காண்பதே இல்லை.

ஆகவே, ஒரே பாதையின் நேற்றைய நிலையை இன்றைய நிலையோடு ஒப்பிடவும், சீர்கேட்டை விரைவில் உணரவும் இம்முறை நம்பத்தக்கது. எத்திசையில் தடை என்பதைத் தீர்மானிக்க அது போதாது. அதற்கு இரு முனைகளிலும், செயற்கைக்கோள் வழி நேரம் பெறுவன போன்ற, துல்லியமாக ஒத்துப்போகும் கடிகாரங்களும் ஒருவழி அளவீடும் தேவை.