ஆடும் ஸ்வரத்தைக் கேட்பது எப்படி?

கச்சேரிக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் கேட்பது இதுதான்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு, குரலை ஏன் இப்படி ஆட்டுறாங்க?" நியாயமான கேள்வி. அந்த ஆட்டத்துக்குக் கம்பிதம் என்று பெயர். கர்நாடக இசையின் உயிர் அதில்தான் இருக்கிறது. பாடுகிறவர் இஷ்டத்துக்கு ஆட்டுவதல்ல அது. 1904-ல் எட்டயபுரத்தில் வெளியான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', எந்த ஸ்வரத்தை எப்படி அசைக்க வேண்டும் என்பதற்குத் தனிக் குறிகளே போட்டுக் காட்டுகிறது.

முதலில் ஆடாத இடங்களைப் பிடியுங்கள். ஸட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) அசையக் கூடாது. ஸட்ஜத்தில் நிற்கும்போதே குரல் நடுங்கினால் அது களைப்பு, அல்லது சாதகக் குறைவு. கம்பிதம் அல்ல.

அடுத்து காந்தாரம் (க). சங்கராபரண ராகத்தில் அது பெரும்பாலும் அசையாமல் நிற்கும். தோடியிலோ ஓரிடத்தில் தங்காது. கீழே உள்ள ரிஷபத்தின் (ரி) பக்கம் இறங்கும், மேலே உள்ள மத்யமத்தைத் (ம) தொடப்போகும், மறுபடி இறங்கும். ஆனாலும் நம் காதுக்கு ஒரே ஸ்வரம்தான். தோடியின் ஏழு ஸ்வரங்களையும் கீபோர்டில் அசைவில்லாமல் வாசித்துப் பாருங்கள்; இந்துஸ்தானி பைரவியின் சாயல்தான் வரும், தோடி வராது. ஆர்மோனியத்துக்கும் இதே குறைதான். அகில இந்திய வானொலி 1940-ல் அதை விலக்கி வைத்தது. 1971 வரை அந்தத் தடை தளரவில்லை.

அசைவைக் கண்ணாலும் பார்க்க வேண்டுமென்றால் வீணைக்கு முன்னால் உட்காருங்கள். மெழுகில் பதித்த 24 மெட்டுகள். வலக்கை ஒருமுறை மீட்டியதும், இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து விடுகின்றன. நாதம் அடங்குவதற்குள் அந்த விரல்கள் செய்து முடிக்கிற வேலையைக் கவனியுங்கள்.

இதில் மைசூருக்கென்று ஒரு பாணி உண்டு. அரண்மனை வித்வான் வீணை சேஷண்ணா (1852–1926), அவர் சீடர் வெங்கடகிரியப்பா, அவருக்குப் பின் தொரைசாமி ஐயங்கார் (1920–1997) என்று வந்த வழி. மீட்டு தெளிவாக விழும், இழுப்பு அளவோடு இருக்கும். எதிர்முனையில் எஸ். பாலசந்தர் (1927–1990), 'அந்த நாள்' படத்தை இயக்கிய அதே பாலசந்தர். ஒரே மெட்டில் தந்தியை இழுத்தே பல ஸ்வரங்களை வரவழைப்பார். கேட்கக் கேட்கப் பிரமிப்பு.

புதியவர்களுக்கு நான் மைசூர் பாணியைத்தான் முதலில் சொல்வேன். எது நிற்கிறது, எது ஆடுகிறது என்று காது சுலபமாகப் பிரித்துக்கொள்ளும். தொரைசாமி ஐயங்கார், பாலசந்தர் இருவரின் பதிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. துக்கடாக்களை, அதாவது கச்சேரியின் கடைசியில் வரும் சின்ன உருப்படிகளை, பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆலாபனையைக் கேளுங்கள். ஒரு வாரத்துக்குக் காந்தாரத்தை மட்டும் பின்தொடருங்கள்.