ஏடிஹெச்டிக்கு வெளிச்சம்: என்னத்தைச் சோதிக்கிறார்கள்?

மூளைக்கு வெளிச்சம் பாய்ச்சிப் பிள்ளைகளின் ஏடிஹெச்டியைக் குறைக்க முடியுமா என்ற ஆய்வுகளைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நெற்றியில் எல்இடி பட்டை மாட்டி, சில நிமிஷம் அண்மை அகச்சிவப்பு ஒளியைக் காட்டுவார்கள். ஃபோட்டோபயோமாடுலேஷன் என்று வாயில் நுழையாத பேர். மாத்திரை கிடையாது, வலி கிடையாது. பெற்றோருக்கு ஏன் ஆசை வருகிறது என்று கேட்கவே வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடும் பிள்ளைகள் பலருக்குப் பசி குறையும், ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும். டிபன் பாக்ஸ் நிறைந்தபடியே திரும்பி வருவதைத் தினமும் பார்க்கிற அம்மா வேறு வழி தேடுவது நியாயம்தான். அதனால்தான் இந்த ஆய்வுகளைக் கொஞ்சம் கறாராகவே படிக்கணும்னு நினைக்கிறேன்.

இதை மந்திரம் மாயம் என்று தள்ளிவிட முடியாது. 1960களில் ஹங்கேரியின் எண்ட்ரே மெஸ்டர், மழித்த எலித்தோலில் வலுக்குறைந்த லேசரைக் காட்டியபோது முடி சீக்கிரம் வளர்வதைப் பார்த்தார். ஆரம்பம் அங்கேதான். இன்று சொல்லப்படும் விளக்கம் இது: மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோக்ரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி இந்த ஒளியை உள்வாங்குகிறது, செல்லின் சக்தி உற்பத்தி கூடுகிறது. 2013இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 40 பேரில் ஒரு பகுதியினரின் நெற்றியில் 1064 நானோமீட்டர் லேசரைக் காட்டினார்கள். கவனத்தையும் நினைவையும் அளக்கும் சோதனைகளில், போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்தார்கள். கவனம் கூடுதுன்னா ஏடிஹெச்டிக்கும் பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் தோலையும் மண்டையோட்டையும் தாண்டி மூளைக்குப் போய்ச்சேரும் ஒளி ரொம்பச் சொற்பம். நூற்றில் சில பங்குதான், அதற்கும் குறைவாகக்கூட இருக்கும். "பிள்ளைகளின் மண்டையோடு மெலிசு, அதனால் நிறையப் போகும்" என்று இதற்கு ஒரு பதில் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இதே துறைக்காரர்கள்தான், அளவு கூடினால் பலன் குறையும், ஒரு கட்டத்தில் எதிர்விளைவுகூட வரும் என்றும் எழுதுகிறார்கள். அப்படியென்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு? அலைநீளம், வலிமை, நேரம், துடிப்பின் வேகம், தலையில் எந்த இடம் என்று திருகுவதற்கு அத்தனை குமிழ்கள் இருக்கின்றன. பலன் வராவிட்டால் "டோஸ் சரியில்லை" என்று எப்போதும் சொல்லிக்கொள்ளலாம். எந்த முடிவு வந்தால் கைவிடுவோம் என்று முன்கூட்டியே எழுதிவைக்காத ஆய்வை நான் ஆய்வாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த ஒளிக்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஏடிஹெச்டி பற்றிய கட்டுரைகளில் அதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பதுதான் என் முக்கியமான புகார். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் மண்டைமேல் அகச்சிவப்பு லேசர் காட்டும் சிகிச்சை அது. முயல்களிடம் நன்றாக வேலை செய்தது. 2007இல் வெளியான நெஸ்ட்-1 ஆய்வில் 120 நோயாளிகள், நல்ல பலன். அடுத்து நெஸ்ட்-2, 660 பேர். மொத்தத்தில் பலன் நிரூபணமாகவில்லை. ஆனால் பாதிப்பு மிதமாக இருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் தெரிகிறது என்றார்கள். சரி என்று அப்படிப்பட்டவர்களை மட்டும் சேர்த்து நெஸ்ட்-3 தொடங்கினார்கள். 1000 பேர் திட்டம். 566 பேரின் முடிவுகள் வந்ததும் இடையில் கணக்குப் பார்த்து, தொடர்ந்து பயனில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பக்கவாதமும் ஏடிஹெச்டியும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வகை ஒளி, அதே மண்டையோடு, அதே 'சின்ன ஆய்வில் பிரமாதம்'.

ஏடிஹெச்டியில் இதைவிடப் பெரிய வில்லங்கம் அளக்கும் விதத்தில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை கிடையாது. பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பெற்றோரும் ஆசிரியரும் மதிப்பெண் போடுகிறார்கள். அமெரிக்காவில் நியூரோஃபீட்பேக்கைச் சோதித்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. 7 முதல் 10 வயது வரையிலான 144 பிள்ளைகள். ஒரு குழுவுக்கு அவர்களுடைய மூளை அலையையே வைத்துப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு முன்பே பதிவுசெய்த வேறொரு அலை, அதாவது போலி. யாருக்கு எது என்று வீட்டுக்கும் தெரியாது, பள்ளிக்கும் தெரியாது. முடிவு? கவனக்குறைவு இரண்டு குழுவிலும் வெகுவாகக் குறைந்தது, இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. போலிக் குழு மட்டும் இல்லாமல் போயிருந்தால் அது அபார வெற்றி என்று செய்தியாகியிருக்கும்.

வாராவாரம் கூட்டிப்போகிறோம், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கிறார்கள், பாராட்டுகிறார்கள், வீட்டில் திட்டு குறைகிறது. இதெல்லாம் பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் அதற்கு லேசர் வேண்டியதில்லை. ஆகவே, போலிக் குழு இல்லாமல் பத்து இருபது பிள்ளைகளுக்கு ஒளி காட்டிவிட்டு "பெற்றோர் மதிப்பீட்டில் முன்னேற்றம்" என்று எழுதும் கட்டுரை, பலன் பற்றி எனக்கு எதையும் சொல்வதில்லை. பத்திரமா இருக்கா, பிள்ளைகள் பட்டையைக் கழற்றி வீசாமல் உட்காருகிறார்களா என்பதைச் சொல்லும். அதுவும் தேவையான தகவல்தான், ஆனால் தலைப்பில் அதைத்தான் போடணும்.

இத்தனைக்கும் ஒளிக்கு ஒரு வசதி இருக்கிறது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் பாய்ச்சும் கருவியில் தோல் குறுகுறுக்கும், காந்தத் தூண்டலில் டக் டக் என்று சத்தம் வரும், பிள்ளை கண்டுபிடித்துவிடும். இதில் அந்தத் தொல்லை குறைவு, லேசான சூட்டை மட்டும் போலிக் கருவியிலும் வரவழைத்தால் போதும். நேர்மையான சோதனைக்கு இவ்வளவு தோதான சிகிச்சையை வைத்துக்கொண்டு போலிக் குழு இல்லாத ஆய்வுகளைச் செய்துகொண்டிருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

கருவிகளுக்கான வாசல் எவ்வளவு தாழ்வு என்பதும் நினைவிருக்கட்டும். 2019இல் அமெரிக்க எஃப்டிஏ, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் ஏடிஹெச்டிக்கு, நெற்றியில் ஒட்டி ராத்திரியில் முக்கிளை நரம்பைத் தூண்டும் ஒரு மின்கருவியைச் சந்தைக்கு அனுமதித்தது. போலிக் குழுவோடு நடந்த ஆய்வுதான் ஆதாரம், ஆனால் மொத்தம் 62 பிள்ளைகள், நாலு வாரம். ஒளிப் பட்டைகளும் இதே வாசலுக்குத்தான் வந்து நிற்கும். அடுத்த ஆய்வு வரும்போது நான் முதலில் தேடப்போவது வகுப்பு ஆசிரியரின் மதிப்பெண்ணை. அப்புறம், "உனக்கு நிஜமா, போலியா?" என்று பிள்ளையையும் பெற்றோரையும் கடைசியில் கேட்டார்களா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்ற அட்டவணையை.