சமக்குறி மறைக்கும் மனம்

கண்ணில் படாதவர் நாளடைவில் மறந்துபோவார் என்பதை ஆங்கிலத்தில் 'அவுட் ஆஃப் சைட், அவுட் ஆஃப் மைண்ட்' என்பார்கள். அதே இடத்தில் ரஷ்யர்கள் சொல்வது 'ஸ் கிளாஸ் தலோய், இஸ் சேர்த்ஸா வோன்'. கண்ணைவிட்டு அகன்றால் இதயத்தைவிட்டும் வெளியே என்று பொருள். ஆங்கில-ரஷ்ய மரபுத்தொடர்ப் பட்டியல்களில் இவ்விரண்டும் ஒரே வரியில் எதிரெதிரே நிற்கும். நடுவில் சமக்குறி இருப்பதாகவே எண்ணி மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். ஆனால் ஆங்கிலத்தில் நினைவிலிருந்து நழுவியவர், ரஷ்ய மொழியில் அன்பிலிருந்தே போய்விடுகிறார். மேசை இழுப்பறைக்குள் போட்டு மறந்த ரசீதைப் பற்றிக்கூட ஆங்கிலேயர் தம் தொடரைச் சொல்லலாம். ரஷ்யத் தொடருக்கு ஒரு மனிதர் வேண்டும், பெரும்பாலும் பிரிந்துபோன ஒருவர்.

மனம் பற்றிய ஆங்கிலத் தொடர்களை ஒரு பக்கமும் ரஷ்ய நிகர்களை மறுபக்கமும் அடுக்கிக் கற்பிக்கும் இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். சோவியத் நாட்டில் அது தனி அறிவுத்துறையாகவே வளர்ந்தது. ஒரு மரபுத்தொடருக்குள் சொற்களின் சொந்தப் பொருள் எந்த அளவுக்குக் கரைந்துவிட்டது என்பதைக் கொண்டு விக்தர் வினோகிராதோவ் 1940களில் அவற்றை வகைப்படுத்தினார். அலெக்சாந்தர் கூனினின் ஆங்கில-ரஷ்ய மரபுத்தொடர் அகராதி 1955இல் வெளிவந்தது. தொடரைச் சொல் சொல்லாகப் பிரிக்காமல், எந்தச் சூழலில் எது வாயில் வரும் என்று முழுதாகப் பார்க்கக் கற்றுத்தந்த உழைப்பு இது.

இந்தப் பார்வை இல்லாமல் போனால் என்ன ஆகும்? 'ஐ சேஞ்ச்ட் மை மைண்ட்' என்பதை ரஷ்யச் சொற்களால் ஒவ்வொன்றாக நிரப்பினால், மண்டைக்குள் இருந்த அறிவைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டதுபோல் ஒலிக்கும். ரஷ்யர் 'பெரெதூமத்' என்ற ஒற்றை வினையோடு முடித்துக்கொள்வார். 'தூமத்' என்றால் நினைத்தல். முன்னால் வரும் 'பெரெ', அந்த நினைப்பு மறுபடி வேறு விதமாக நடந்ததைக் காட்டுகிறது. ஆங்கிலத்துக்குத் தொடர் தேவைப்பட்ட இடத்தில் ரஷ்ய மொழிக்கு ஒரு முன்னொட்டே போதும். நல்ல பட்டியல் இதை அப்படியே சொல்லிவிடும். மோசமான பட்டியலோ, தொடருக்குத் தொடர் தந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தில், பேச்சில் யாரும் எடுக்காத ஓர் அலங்காரத் தொடரைத் தேடி நிரப்பும். இடத்தைக் காலியாக விடுவதும் அகராதிக்காரரின் கடமைதான்.

வழக்கத்தின் உண்மையான செல்வம் வேறிடத்தில் இருக்கிறது. 'மைண்ட்' வரும் ஆங்கிலத் தொடர்களை வரிசையாக வைத்து, ரஷ்யப் பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். ஒரு யோசனை தோன்றினால் அது தலைக்குள் வருகிறது. மறந்தால் தலையிலிருந்து பறந்துபோகிறது. மன அமைதி என்பது 'துஷா'வின், அதாவது ஆன்மாவின் அமைதி. ஒன்றைக் கருத்தில் கொள்வது அதைப் 'பார்வையில்' வைத்திருப்பது. பைத்தியம் பிடித்தாலோ 'ஊம்' என்ற அறிவு தலைகாட்டுகிறது: 'ஸய்தீ ஸ் உமா', அறிவைவிட்டு இறங்கிப்போதல். ஆங்கிலம் ஒரே வீட்டில் குடிவைத்ததை ரஷ்ய மொழி தலை, ஆன்மா, கண், இதயம், அறிவு என்று ஐந்து வீடுகளில் பிரித்து வைத்திருக்கிறது.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு கண்ணி உண்டு. 'மனம் மாறினான்', 'மனதில் வை', 'மன அமைதி' என்று நாமும் ஒரே சொல்லில் குடியிருப்பவர்கள். ஆகவே ஆங்கிலத் தொடர்கள் தடையில்லாமல் நமக்குள் இறங்கிவிடுகின்றன. ரஷ்ய மொழி பயின்ற நாட்களில், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நான் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

ஒப்பீடு ஆங்கிலத்தின் பழைய அடுக்குகளையும் திறந்து காட்டும். 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' என்றால் நினைவுக்கு எட்டாத பழங்காலம். ரஷ்ய நிகரில் 'பாமியத்' என்ற சொல்லின் வேர் வெளிப்படையாகவே இருக்கிறது. அதன் பொருள் நினைவாற்றல். பழைய ஆங்கிலத்தில் 'மைண்ட்' என்பதன் மூலச்சொல்லும் நினைவையே குறித்தது. இன்றைய ஆங்கிலேயர் மறந்துவிட்ட அந்தப் பொருளை எதிர்ப்பக்க ரஷ்யத் தொடர் காப்பாற்றித் தருகிறது. முழுமையாகப் பொருந்தும் வரிகளும் இல்லாமல் இல்லை. உயில் எழுதுபவர் தெளிந்த அறிவோடும் நினைவோடும் இருப்பதாகச் சொல்லும் வாசகம் இரு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றே. சட்ட மொழி எல்லைகளை எளிதாகக் கடந்துவிடுகிறது.

இனிக் குறைகள். மிகவும் ஆபத்தானவை பார்வைக்குப் பொருந்தும் வரிகள். 'பிரசன்ஸ் ஆஃப் மைண்ட்' என்பதற்கு எதிரே, 'தூஹ்', அதாவது உள்ளுரம், உடனிருத்தல் என்ற ரஷ்யத் தொடர் கச்சிதமாக அமரும். வடிவம் அச்சு அசலாக ஒன்று. ஆனால் தீப்பிடித்த வீட்டில் சட்டென்று எரிவாயுக் குழாயை மூடியவரைப் பாராட்டுவது ஆங்கிலத் தொடர். அங்கே விரைந்த புத்திக்கு மதிப்பு. ரஷ்யத் தொடர் கலங்காமல் நின்றவரைப் பாராட்டுகிறது. அங்கே நெஞ்சுறுதிக்கு மதிப்பு. சில சூழல்களில் இரண்டும் ஒன்றையொன்று தொடும் என்பதால் தவறு வருடக்கணக்கில் கண்ணில் படாது.

யார் யாரிடம் சொல்வது என்பதையும் இரு பத்திப் பட்டியல் விழுங்கிவிடுகிறது. இருவர் ஒரே யோசனையை ஒரே நேரத்தில் சொன்னால் ஆங்கிலேயர் 'கிரேட் மைண்ட்ஸ் திங்க் அலைக்' என்பார். ரஷ்யர்கள் பெரிய அறிவாளிகளைப் பற்றியும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் நண்பர்களுக்குள் அதிகம் கேட்பது, 'முட்டாள்களின் எண்ணங்கள் ஒத்துப்போகும்' என்பதுதான். தருணம் ஒன்று, சொல் நேரெதிர். ஆங்கிலத் தொடரை மேலதிகாரியிடம் கூசாமல் சொல்லலாம். பட்டியலை நம்பி ரஷ்யத் தொடரை அவரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரி போதும்; பெரும்பாலான பட்டியல்கள் அந்த ஒரு வரியைத் தருவதில்லை.

இதைவிடப் பெரிய குறை, பட்டியல் புறப்படும் திசை. 'மைண்ட்' என்ற சொல்லில் தொடங்குவதால், ஆங்கிலேயர் கேட்ட கேள்விகளுக்கு மட்டுமே ரஷ்ய மொழி பதில் சொல்ல முடிகிறது. தான் தானாக என்ன வைத்திருக்கிறது என்று சொல்ல அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. காரியம் கெட்ட பிறகு தெளிவு வருபவரை 'பின்பக்க அறிவில் வல்லவர்' என்கிறார்கள். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே காட்டாதவர் 'தன் அறிவில் தானே' இருப்பவர். அளவுமீறி யோசித்துக் குழம்பினால் 'ஊம்' போய் 'ராஸும்' என்ற பகுத்தறிவின் பின்னால் ஒளிந்துகொள்கிறதாம். முதுமையில் அறிவு தடுமாறுவதை, அறிவைக் கடந்து வாழ்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இவற்றுக்கு இடதுபக்கத்தில் வரி கிடையாது. 'ஓர் ஊம் நல்லது, இரண்டு மேலும் நல்லது' என்ற பழமொழிக்கு ஆங்கில நிகர் உண்டு. ஆனால் அங்கே இருப்பது தலை. எனவே மனம் பற்றிய பட்டியலில் அதுவும் விடுபட்டுவிடும்.

மொழியியலாளர் அன்னா வியெஷ்பிட்ஸ்காவின் எழுத்துகள் இங்கே துணை நிற்கின்றன. 1992இல் வெளியான தம் நூலில் அவர், 'மைண்ட்' என்பது உலகப் பொதுவான கருத்து அல்ல, ஆங்கிலம் தனக்கென உருவாக்கிக்கொண்டது என்று வாதிட்டார். இன்றைய 'மைண்ட்' நினைப்பதையும் அறிவதையுமே மையமாகக் கொண்டது. 'துஷா'வோ உணர்வையும் ஒழுக்கத்தையும் சேர்த்தே சுமப்பது. இதை ஏற்றால், சமக்குறி போடும் ஒவ்வொரு வரியிலும் ஆங்கிலத்தின் மனவரைபடத்தையே மனிதகுலத்தின் வரைபடமாக நாம் கற்பிக்கிறோம் என்று ஆகிறது. இது எனக்குச் சிறிய விஷயமாகப் படவில்லை.

ஆனாலும் இந்த வழக்கத்தையே தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூனினின் அகராதி ஒரு தொடருக்கு ஒரு நிகர் என்று நின்றுவிடவில்லை. எழுத்தாளர்களின் வாக்கியங்களை எடுத்துக்காட்டாக வைத்து, அந்த வாக்கியங்களுக்கும் பெயர்ப்பு கொடுத்தது. கெட்டது வழக்கமல்ல, அதைச் சுருக்கிச் சுருக்கித் தேர்வுக்கான இரண்டு பத்திகளாக்கிய அவசரம்தான்.

மொழிபெயர்ப்பாளர்கள் வேலை செய்யும் இடத்தில் சமக்குறி தானாகவே உதிர்ந்துவிடுகிறது. 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' என்ற 2001ஆம் ஆண்டுத் திரைப்படம் ரஷ்யாவில் 'ராஸுமின் விளையாட்டுகள்' என்ற பெயரில் ஓடியது. அழகு போயிற்று, விளையாட்டு வந்தது. எதிர்த்திசையில் ரஷ்ய நாடகாசிரியர் கிரிபயேதோவ் 1824இல் எழுதி முடித்த நாடகம் இருக்கிறது. 'கோரெ அத் உமா' என்ற அதன் தலைப்புக்கு, அறிவால் வந்த துயரம் என்று பொருள். ஆங்கிலத்தில் அது 'வோ ஃப்ரம் விட்' ஆயிற்று, 1914இல் 'தி மிஸ்ஃபார்ச்சூன் ஆஃப் பீயிங் கிளெவர்' ஆயிற்று. மதிநுட்பம், கெட்டிக்காரத்தனம் என்று வேறு கதவுகளையெல்லாம் தட்டிப் பார்த்த அந்தப் பெயர்ப்பாளர்கள், அகராதியில் 'ஊம்' என்பதற்கு நேர் எதிரே அச்சாகியிருக்கும் 'மைண்ட்' என்ற சொல்லை மட்டும் எடுக்கவில்லை.