நம்ம ஆளுங்க இருக்கிற இடம்: ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ - ஒரு மறுவாசிப்பு

2023இல் என் தம்பிக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. அதற்கு முன் ஆறு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இரவும் பகலும் குப்பை கொட்டியவன். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த அன்றைக்கே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. எங்கே தங்குவது? அவனுக்கு முன்னால் போய்வந்தவர்கள், அம்மாவோடு நடைப்பயிற்சி போகிறவர்கள், டிராவல்ஸ்காரர், எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். “நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஏரியாவாப் பாத்து எடுப்பா.” எடிசன் என்று ஓர் ஊர். அங்கே ஓக் ட்ரீ ரோடு என்று ஒரு தெரு. புளி, கறிவேப்பிலை, பட்டுப்புடவை எல்லாம் கிடைக்கும். தமிழ்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஓர் இடம் காலி.

தம்பி என்னிடம் வந்து கேட்டான்: “அக்கா, நம்ம ஆளுங்கன்னா யாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. அலமாரியில் இருந்த பாபாசாகேபின் ‘வெய்ட்டிங் ஃபார் எ விசா’வை எடுத்துக் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகு நானே அதை மறுபடி படித்தேன். இந்தக் கட்டுரை அப்படி வந்தது.

முப்பதுகளில் எழுதப்பட்டு, அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறாமல் கிடந்த பிரதி இது. 1990 மார்ச்சில் மக்கள் கல்விக் கழகம் சிறு நூலாகப் போட்டது. 1993இல் மகாராஷ்டிர அரசின் தொகுப்பில் 12ஆம் தொகுதியில் சேர்ந்தது. நாம் இதை எப்படி வாசிக்கிறோம்? ஏப்ரல் 14 கூட்டத்தில் யாராவது ஒருவர் மேடையேறி, அந்தச் சின்னப் பையன் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி மாட்டுவண்டி கிடைக்காமல், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவித்த பகுதியை வாசிப்பார். கூட்டம் கண் கலங்கும். மைக்கை அடுத்தவர் வாங்கிக்கொள்வார். பட்டாபிராமில் நானே அப்படி வாசித்திருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இந்த வாசிப்பின் மேல்தான் எனக்கு இப்போது சண்டை. இது அழுவதற்கான பிரதி இல்லை. வேலை கிடைத்துவிட்டது, தங்க இடம் கிடைக்கவில்லை. அப்படி ஒரு மனிதனின் கணக்கு வழக்குதான் இதன் நடுப்பகுதி.

நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசு வேலைக்கு வருகிறார். தம் நினைவில் அதை 1916 என்று எழுதுகிறார். வாழ்க்கை வரலாறுகள் 1917 என்கின்றன. வெளிநாட்டில் இருந்த வருடங்களில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே துடைத்துப் போயிருந்தது, பரோடா ஸ்டேஷனில் இறங்கியதும் திரும்பி வந்தது என்கிறார். இந்து ஓட்டல்களில் சேர்க்க மாட்டார்கள். அமெரிக்காவில் தன்னோடு இருந்தவர்கள் சிலர் அந்த ஊரில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போனால் எப்படி வரவேற்பார்களோ என்று தயங்குகிறார். கடைசியில் பார்சிகளின் சத்திரம். நீ பார்சி இல்லையே என்கிறார் காப்பாளர். ஆளில்லாத சத்திரம், வருமானம் வேண்டும், ஆகவே ஒரு உடன்பாடு: பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதிக்கொள்வது, நாளுக்கு ஒன்றரை ரூபாய். மாடியில் ஒரு பெரிய கூடம். உடைந்த நாற்காலிகள், இருட்டு, வௌவால். பம்பாயிலிருந்து மிச்சச் சாமான்களைக் கொண்டுவந்த அக்காள் மகன் அந்த நிலைமையைப் பார்த்து ஓவென்று அழ, அவனை உடனே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அரசு பங்களா கேட்டுப் போட்ட விண்ணப்பம் மேசை மேசையாக ஊர்ந்துகொண்டிருக்கிறது. பதினோராம் நாள் காலையில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் மாடிப்படி ஏறி வருகிறார்கள். மாலைக்குள் காலி செய். இரண்டு நண்பர்களிடம் போகிறார், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இரண்டு கதவும் திறக்கவில்லை. காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்து ராத்திரி ரயிலுக்குப் பம்பாய் போய்விடுகிறார்.

இதில் ஒரு மௌனம் இருக்கிறது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் தன் நினைப்பைத் துடைத்தன என்று சொல்கிறவர், அங்கே தங்கிய ஓர் அறையைக்கூட இந்தப் பிரதியில் விவரிக்கவில்லை. வாழ்க்கை வரலாறுகளிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது: 1913இல் போனதும் சில நாள் ஹார்ட்லி ஹால் விடுதி, பிறகு காஸ்மாபாலிடன் கிளப், பிறகு லிவிங்ஸ்டன் ஹால். அந்த லிவிங்ஸ்டன் ஹாலில் அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் நவல் பத்தேனா. பத்தேனா ஒரு பார்சி. ஆயுள் முழுக்க நண்பராக இருந்தவர், பணத்துக்கும் உதவியவர். நியூயார்க்கில் ஒரே அறையில் ஒரு பார்சி. பரோடாவில் மாடிப்படியில் தடியோடு பார்சிகள். ஆக, ‘பார்சிகள் நல்லவர்களா கெட்டவர்களா’ என்பது கேள்வியே இல்லை. அறைக்குச் சொந்தக்காரன் யார், யாருடைய அபிப்பிராயத்துக்கு அவன் பயப்படுகிறான் என்பதுதான் கேள்வி. லிவிங்ஸ்டன் ஹாலில் பத்தேனா யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, ஒரு பெண்ணாக எனக்கு உறுத்துவது. அந்தக் கிறித்தவ நண்பர், “மனைவி நாளைக்கு வருகிறாள், அவளைக் கேட்க வேண்டும்” என்கிறார். அவர்கள் பார்ப்பனராக இருந்து மதம் மாறியவர்கள், கணவர் தாராள மனசுக்காரர், மனைவிதான் ஆசாரம் விடாதவர் என்று பிறகு தெரிந்துகொண்டதாக பாபாசாகேப் எழுதுகிறார். எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார். ஊரிலேயே இல்லாத ஒரு பெண் தலையில் பழி விழுகிறது. கணவரின் தாராளம் செலவில்லாமல் தப்பிக்கிறது. அந்த அம்மாள் உண்மையிலேயே ஆசாரக்காரியாக இருக்கலாம். ஆனால் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து கள்ளிக்குப்பம் வரை இதே வசனத்தை நான் எத்தனை ஆம்பளை வாயில் கேட்டிருக்கிறேன். “எனக்கு ஒண்ணுமில்லம்மா, நான் இதெல்லாம் பாக்கறதில்ல. வீட்ல ஒத்துக்க மாட்டாங்க.” பாபாசாகேபிடமும் கேள்வி கேட்கலாம். அவர் கேட்கச் சொன்னவர்தானே.

நாங்கள் வளர்ந்தது ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு அங்கே வேலை. குவார்ட்டர்ஸ் என்றால் என்ன என்று எங்களைப் போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும். அது ஒன்றும் சாதியில்லாத சொர்க்கமில்லை. யார் வீட்டில் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள், அப்பா எந்தச் சங்கத்தில் சந்தா கட்டுகிறார், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வீடு கிரேடுப்படி, சீனியாரிட்டிப்படி வரும். ஒரு தாளில் எண் எழுதியிருக்கும், சாவி கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்காவிட்டால் அவர்தான் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். பரோடாவில் மேசை மேசையாகப் போன விண்ணப்பம் இதற்குத்தான். சாவியை ஒரு தனிமனிதன் கையிலிருந்து பிடுங்கி ஒரு பட்டியலிடம் கொடுப்பது. நம் ஆட்கள் அரசாங்க வேலைக்கு ஏன் இப்படிப் பறக்கிறார்கள் என்று கிண்டல் செய்கிற அறிவாளிகளுக்குச் சம்பளம் மட்டும்தான் தெரிகிறது, சாவி தெரிவதில்லை.

அப்பா ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அன்றைக்குத்தான் எங்கள் பரோடா ஆரம்பித்தது. கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில், பூந்தமல்லி. பலகையில் ‘வீடு வாடகைக்கு’ என்று இருக்கும். முதல் கேள்வி எந்த ஃபேக்டரி. இரண்டாவது, சொந்த ஊர் எது. மூன்றாவது, ஊரில் எந்தப் பக்கம். அதுக்கும் பிடிபடாவிட்டால் குலதெய்வம். அதுக்கும் பிடிபடாவிட்டால் வெட்கத்தை விட்டு நேராகவே: “நீங்க என்ன ஆளுங்க?” அப்பா ஒருநாள் கூடப் பொய் சொல்லவில்லை. பத்து மாத அட்வான்ஸைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தார். “நேத்துதான் வேற ஒருத்தருக்குப் பேசிட்டோம்” என்பார்கள். மறுவாரமும் பலகை அங்கேயே தொங்கும். கடைசியில் திருமுல்லைவாயிலில் ஒரு முஸ்லிம் அம்மா வீடு கொடுத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. “காலைல ஆறு மணிக்கு மோட்டார் போடுவோம், அதுக்குள்ள எழுந்துருவீங்களா?” அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ‘மோட்டார் கேள்வி’ என்பது ஒரு கேலி வார்த்தை. நல்ல மனுஷர் யாரையாவது பார்த்தால், “மோட்டார் கேள்வி கேக்கறவங்கடி” என்பார் அம்மா.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமாகப் பெயர் மாறியது. எந்தப் பகுதியிலும் வீடு கட்ட, வாங்க, குடியிருக்கத் தீண்டாமையின் பேரால் தடை செய்தால் அது குற்றம். ‘வேற ஆளுக்குப் பேசிட்டோம்’ என்பதை எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது? இன்னொரு கதையும் இருக்கிறது. 2005இல் உச்ச நீதிமன்றம் அகமதாபாத்தில் ஒரு பார்சி கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் தன் உறுப்பினர்கள் பார்சிகளாகவே இருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம் என்றது. சிறுபான்மையினர் சேர்ந்து வாழ நினைப்பதன் நியாயம் எனக்கும் புரியும். ஆனால் பரோடா இருப்பதும் அதே குஜராத்தில்தான். அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு நாளைக்கு யார் யார் வருவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்சிப் பெயர் வைத்துக்கொண்டதைச் சில தோழர்கள் சங்கடத்தோடு தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதுதான் இந்தப் பிரதியின் உயிர்நாடியாகப் படுகிறது. நம் இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் இதன் தமிழ் வடிவம் இருக்கிறது. கோயமுத்தூரில் படித்தபோது, தன் சாதியும் இருப்பிடமும் உறவினரும் தெரிந்துவிடக் கூடாதே என்று மற்றப் பையன்களோடு சேராமல், மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போனதை அவர் எழுதியிருக்கிறார். அந்த மனிதர்தான் பிறகு ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். பாபாசாகேப் பூங்காவில் உட்கார்ந்ததும் மஹத்தில் நின்றதும் ஒரே ஆள்தான். ஒளிந்துகொண்ட காலத்தை மறைக்காமல் எழுதியதுதான் இருவரின் துணிச்சல். ஆகவே இன்றைக்கு ஒரு பையன் ஒளிந்துகொண்டால் அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் ஊருக்குப் போனால் விடுதலை என்ற கனவை நான் அவனுக்கு விற்கவில்லை. அதே நியூ ஜெர்சியில் 1987இல் ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று, அதாவது பொட்டு வைத்தவர்களை ஒழிப்பவர்கள் என்று, பெயர் வைத்துக்கொண்ட ஒரு கும்பல் இந்தியர்களை ஜெர்சி சிட்டியை விட்டுத் துரத்தப் போவதாக மிரட்டியது. அந்த வெறுப்பு பரவியிருந்த செப்டம்பரில் பக்கத்து ஹோபோக்கனில் ஓர் இந்தியர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் ஒரு பார்சி. அடித்தவனுக்கு எல்லாரும் ஒரே நிறம். கறுப்பின மக்களுக்கோ 1968இல் வீட்டு உரிமைச் சட்டம் வரும்வரை கதவைச் சாத்துவது அந்த நாடு முழுக்க வழக்கமாகவே இருந்தது. ஹார்லெமின் பக்கத்திலேயே குடியிருந்த பாபாசாகேப் ஹார்லெமைப் பற்றியும் இந்தப் பிரதியில் பேசவில்லை. 1946இல்தான் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதுகிறார்.

ஆக வாசலில் வெள்ளைக்காரன் பார்வை, உள்ளே ‘நம்ம ஆளுங்க’ பார்வை. உள்ளே இருப்பதை இப்போது அந்த நாடும் மெல்லப் பார்க்கிறது. 2020இல் கலிஃபோர்னியா அரசே சிஸ்கோ கம்பெனி மேல் சாதிப் பாகுபாட்டு வழக்குப் போட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. வேலை மட்டுமல்ல, வீடும் அதில் சேர்த்தி. அதே வருடம் அக்டோபரில் கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். தம்பி போனதோ சியாட்டிலுக்கு இல்லை.

தனியாக வீடு எடுத்துக்கோ, சம்பளத்தில் பாதி போனாலும் பரவாயில்லை என்றேன். “கிரெடிட் ஹிஸ்டரி இல்லாம எவனும் குடுக்க மாட்டான்க்கா” என்றான். நமக்கு இது புதுசு. அங்கே கடனை ஒழுங்காகக் கட்டிய சரித்திரத்துக்கு மார்க் போடுவார்களாம். புதிதாகப் போகிறவனுக்குச் சரித்திரமே கிடையாது. சரித்திரம் இல்லாதவன் தன் ஆட்களிடம்தான் போய் நிற்க வேண்டும். ‘நம்ம ஆளுங்க ஏரியா’ என்பது பாசத்தால் மட்டும் உண்டாவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

எடிசனில் அந்த நாலு பையன்களோடு போய்ச் சேர்ந்தான். நல்ல பையன்கள்தான் என்று அவனே சொன்னான். ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப் போனார்கள், குளிருக்கு ஜாக்கெட் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவன் கேட்டிருக்கிறான், சொந்த ஊர் எது. ஆவடி. ஆவடில எங்க. குவார்ட்டர்ஸ். அதுக்கு முன்னாடி? “அப்பா ஃபேக்டரி, நாங்க குவார்ட்டர்ஸ்லயே பொறந்தோம்” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்துவிட்டான். போனில் இதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியிருந்தது. எங்களுக்குச் சாவி கொடுத்த அந்த குவார்ட்டர்ஸ், அங்கே அவனுக்குப் பார்சிப் பெயராகப் போய்விட்டது. அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய அம்பேத்கர் படத்தை அவன் வெளியே எடுக்கவில்லை. எடு என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மேடையில் பேசுகிறவளுக்கு அந்த அறையின் வாடகை தெரியாது.

ஒன்பது மாதம் கழித்து மார்க் சேர்ந்தது. ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து ரொம்ப தூரத்தில், கறிவேப்பிலை கிடைக்காத ஓர் ஊரில் வீடு பார்த்தான். வீட்டுக்காரர் வயதான கறுப்பினப் பெண்மணி. இரண்டு மாதச் சம்பளச் சீட்டு கேட்டார், ஒன்றரை மாத வாடகை முன்பணம். அந்த மாநிலச் சட்டப்படி அதற்கு மேல் கேட்க முடியாதாம். வேறு ஏதாவது கேட்டார்களா என்றேன். பனி பெய்தால் வாசலை நீதான் தள்ள வேண்டும், மண்வாரி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டாராம்.

பக்கத்தில் நின்ற அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். “டேய், மோட்டார் எத்தனை மணிக்குன்னு கேட்டுக்கடா.”